ரேடியோ லைசென்ஸ் கேட்டுப் போன வீடுகள்

வானத்தைப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதிக்கிற உத்தியோகம் உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான். வெள்ளைக்காரன் காலத்தில் ரேடியோ வைத்திருந்தவர்கள் எல்லோரும் தபாலாபீஸில் வருஷா வருஷம் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எடுக்காதவர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்று இன்ஸ்பெக்டர்கள் இருந்தோம். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர், நடுவில் இருக்கிற ஏரிக்கரைகள், சாவடிகள் எல்லாம் என் எல்லை. வீட்டில் ரேடியோ இருந்தால் கூரைக்கு மேலே இரண்டு மூங்கில் நட்டு, குறுக்கே செம்புக் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் கம்பியைத் தேடித்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவேன். அதனால் இரண்டு தடவை எருமை மேல் மோதியிருக்கிறேன். ஜனங்கள் எனக்குக் ‘கம்பி சார்’ என்று பெயர் வைத்தார்கள். கம்பி எண்ண வைக்கிற சார் என்று அதற்கு இன்னோர் அர்த்தமும் இருந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

யுத்தம் வந்த பிறகு லைசென்ஸோடு வேலை நிற்கவில்லை. யார் எந்த நிலையத்தைக் கேட்கிறார்கள், கேட்டதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதையும் கவனித்து எழுதச் சொன்னார்கள். ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர்கள், மின்சார மீட்டர் பார்த்தவர்கள், ஓட்டல் சமையற்கட்டில் மூக்கை நுழைத்த சுகாதார இன்ஸ்பெக்டர்கள், இப்படிக் கூப்பிடாத வீட்டுக்குள் போய் வயிறு வளர்த்தவர்கள் எல்லோரும் என் கூட்டம். மற்றவர்களுக்குப் புரியாவிட்டாலும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த உங்களுக்குப் புரியும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கம்பியில் புடவை

உத்தியோகத்தில் சேர்ந்த புதிது. அம்பத்தூரில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் ஓர் ஓட்டு வீட்டின் கூரை மேலிருந்து கொல்லையில் தாழ இறங்கிய செம்புக் கம்பி பளபளத்தது. பதிவேட்டைப் புரட்டினேன். அந்த விலாசத்துக்கு லைசென்ஸ் இல்லை. முதல் கேஸ் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். முப்பது வயது இருக்கும் ஓர் அம்மாள், ஈரப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடியிலிருந்து வந்தாள். “ரேடியோவை எடுங்கள்” என்றேன். கையைக் காட்டினாள். கூடத்து மூலையில் ஒரு மரப்பலகை இருந்தது. அதன் மேல் பெட்டி இருந்த இடம் மட்டும் சதுரமாக நிறம் மங்காமல் இருந்தது.

புருஷன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவராம். பெட்டி வாங்கிப் பத்து மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டார். வைத்தியச் செலவுக்குப் பெட்டியை விற்றாயிற்று. நான் விடாமல், “அப்படியானால் கம்பி எதற்கு? அவிழ்த்திருக்கலாமே” என்றேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. புத்தி அவ்வளவுதான். அவள் கொல்லைக்குப் போய், கொண்டுவந்த புடவையை அந்தக் கம்பியின் மேல் வீசிப் போட்டு, இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சரி பண்ணினாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். “அவரு கையால ஏறிக் கட்டினது சார். அத்த அவுக்கறதுக்கு நீங்க வேணா ஏறுங்க, நான் ஏற மாட்டேன்.”

பூட்டிய பெட்டி

வேலப்பன்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குச் சர்க்கார் பொது ரேடியோ ஒன்று கொடுத்திருந்தது. சாவடிச் சுவரில் மரப்பெட்டி அடித்து, அதற்குள் ரேடியோவை வைத்துப் பூட்டி, முத்திரை போட்டிருந்தார்கள். மெட்ராஸ் நிலையத்தைத் தவிர வேறு எதையும் திருப்ப முடியாது. விளக்கு வைக்கிற நேரத்தில் கணக்கப்பிள்ளை வந்து விசையைப் போடுவார். ஏர் அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் வேட்டியை உதறிப்போட்டு உட்கார்ந்து கேட்பார்கள். முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

ரங்கூன் ஜப்பான்காரனிடம் விழுந்த பிறகு ஒரு நாள் போயிருந்தேன். கூட்டத்தில் புதிதாக ஓர் ஆள். கணுக்கால் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. அந்த ஊர்க் குடியானவர் ஒருவரின் தம்பி, பெயர் எத்திராஜ். பர்மாவில் அரிசி ஆலையில் வேலை பார்த்துவிட்டு மலைக்காடு வழியாக நடந்தே வந்திருந்தான். கிளம்பும்போது பெண்சாதியும் கைக்குழந்தையும் கூட இருந்தார்கள். வந்து சேரும்போது இல்லை. அண்ணன்தான் இதை என் காதோரம் சொன்னார்.

அன்றைய செய்தியில், பர்மாவிலிருந்து வரும் ஜனங்களுக்கு வழி நெடுகச் சாப்பாடும் மருந்தும் தண்ணீரும் ஏற்பாடாகியிருக்கிறது என்று வாசித்தார்கள். எத்திராஜ் எழுந்து பெட்டிக்கு முன்னால் போய் நின்றான். செய்தி முடிந்து பாட்டு வந்த பிறகும் நின்றான். பிறகு என்னைப் பார்த்து, “இத்த எங்க இருந்து பேசறாங்க? நான் போயி சொல்லணும்” என்றான். அங்கே வெளியாட்களை விடமாட்டார்கள், பேசுகிறதை முன்பே எழுதி மேலதிகாரி படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாசிப்பார்கள் என்று விளக்கினேன். ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி பொறுமையாகவே விளக்கினேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே முழுசும் கேட்டான். “நான் கூட அந்த வழியாதான் சார் வந்தேன். என்ன ஒருத்தரும் கேக்கலியே.”

வக்கீலின் விலாசம்

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸ் காலியான சமயம். குமணன்சாவடியில் மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகை ஏறியது. பட்டணத்து வக்கீல் ஒருவர், இரண்டு அறை வீட்டில் பதினோரு பேரோடு குடியிருந்தார். ரேடியோ ஜோராகப் பாடிக்கொண்டிருந்தது. லைசென்ஸும் இருந்தது. ஆனால் அதில் எழுதியிருந்த விலாசம் மயிலாப்பூர். விலாசம் மாறினால் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

வக்கீல் விடுவாரா? நாற்காலியில் சாய்ந்துகொண்டு வாதாட ஆரம்பித்தார். தாம் இங்கே தங்கியிருப்பது தற்காலிகம், ஆகையால் சட்டப்படி ரேடியோ மயிலாப்பூரில்தான் இருக்கிறது, மயிலாப்பூரில் இருக்கிற ரேடியோவைச் சோதிக்க எனக்கு அதிகாரம் கிடையாது என்று அரைமணி நேரம் பேசினார். வீட்டுப் பெண்கள் கதவிடுக்கில் நின்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான். கடைசியில், “சரி, நான் எதுவும் பார்க்கவில்லை” என்று எழுந்தேன்.

வாசல் வரைக்கும் கூட வந்தவர், பெண்கள் காதில் விழாத தூரம் வந்ததும் குரலை இறக்கினார். கட்சிக்காரர்கள் எல்லோரும் நாலு திசைக்கும் போய்விட்டார்களாம். கோர்ட்டு எப்போது திறக்கும் என்றே தெரியவில்லையாம். அவருடைய தகப்பனார் மட்டும் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று மயிலாப்பூரிலேயே தனியாக இருக்கிறாராம். அங்கே குண்டு விழுந்தால் உடனே தனக்குத் தெரிய வேண்டுமே என்றுதான் இவர் நாள் முழுக்க ரேடியோவை அணைக்காமல் வைத்திருக்கிறாராம். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ரோட்டில் போகிற மாட்டு வண்டிகளைப் பார்த்தார். “விலாசத்தை மாற்றச் சொல்லாதேயும். மாற்றி எழுதிவிட்டால் நான் அவரை விட்டுவிட்டு வந்தது நிஜமாகிவிடும்.”

உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான்

இனிச் சொல்லப்போவது ஒரே வீட்டைப் பற்றியது. பூந்தமல்லியில் கம்பவுண்டர் ஞானப்பிரகாசத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மருந்து கலக்கிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். வீட்டில் அவரும் அவர் சம்சாரம் ரோசம்மாவும்தான். ஒரே மகன் சூசை, ராணுவ ஆஸ்பத்திரிப் படையில் சேர்ந்து மலேயாவுக்குப் போனான். கப்பல் ஏறுகிறதற்கு முன்னால் முதல் சம்பளங்களைச் சேர்த்து அப்பாவுக்குப் பாட்டரியில் ஓடுகிற ரேடியோ ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். சிங்கப்பூர் விழுந்தது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை. சர்க்காரைக் கேட்டால், ‘காணவில்லை’ என்று ஒரு வரி வந்தது.

அந்த நாளில் ஜப்பான் ரேடியோவில் சில சாயங்காலங்களில் தமிழில் பேசுவார்கள். தங்களிடம் பிடிபட்ட சிப்பாய்களின் பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் வாசிப்பார்கள். சில பேர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிய இரண்டு வார்த்தையையும் வாசிப்பார்கள். கம்பவுண்டர் தினம் அதைக் கேட்டார். மகன் பெயர் வரவில்லை. வந்த மற்றப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவைத்தார். எழுதியதோடு விட்டிருந்தால் நான் அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. பெயர் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் மறுநாள் காலையில் ஒரு கார்டு போட்டார். ‘உங்கள் மகன் உயிரோடு இருக்கிறான். நேற்று ரேடியோவில் பெயர் வாசித்தார்கள். கவலைப்பட வேண்டாம்.’ எதிரி ரேடியோ சொன்னதைப் பரப்புவது யுத்த காலச் சட்டப்படி குற்றம். தபாலைப் படித்துப் பார்க்கிறவர்கள் கையில் ஒரு கார்டு மாட்டியது. மேலாபீஸிலிருந்து எனக்குக் காகிதம் வந்தது: ரேடியோவையும் அது சம்பந்தப்பட்ட குறிப்புகளையும் எடுத்துவரவும்.

கண்டுபிடிக்க எனக்கு ஒரு சிரமமும் இல்லை. கார்டின் அடியில் மருந்துச் சீட்டு எழுதுகிற அழகான கையெழுத்தில் முழுப் பெயரும் தெருப் பெயரும் கதவு நம்பரும் இருந்தன. அவரிடம் கார்டைக் காட்டினேன். “நீங்கள்தானே எழுதினீர்கள்?” என்றேன். “ஆமாம் சார்” என்றார். எனக்கு ஏனோ கோபம் வந்தது. விவரம் தெரிந்த மனுஷர், பெயரைப் போடாமல் எழுதித் தொலைத்திருக்கலாமே என்று சத்தம் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். “மொட்டக் கடுதாசின்னா பெத்தவங்க நம்ப மாட்டாங்களே சார்.”

ஏழு பெயர்

பெட்டியைத் தூக்கச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். “இன்னிக்கு சாயங்காலம் மட்டும் கேட்டுட்டுக் குடுத்துடறேன் சார்.” விதிப்படி கூடாது. கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ரோசம்மா விளக்கை ஏற்றிவிட்டு, கையில் ஜெபமாலையோடு ரேடியோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் குமிழைத் திருப்பினார். இரைச்சல், ஊளை, ஏதோ பாஷை, மறுபடி இரைச்சல். பிறகு தெளிவாகத் தமிழ் வந்தது. நான் கேட்கக் கூடாதது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யுத்தத்தைப் பற்றிப் பெருமை அடித்தார்கள். கம்பவுண்டர் அது காதில் விழாதவர் போலப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். பெயர்கள் வர ஆரம்பித்ததும் குனிந்து எழுதினார். ஏழு பெயர். சூசை இல்லை.

அவர் நோட்டை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். “இந்த ஏழு பேருக்கு மட்டும் எழுதிப் போட்டுடட்டுமா சார்?” என்றார். கூடாது என்றேன். இந்தத் தடவை வாய் வந்துவிட்டது. நோட்டையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த ஏழு வீட்டுக்கும் யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. தபாலாபீஸில் உட்கார்ந்திருக்கிறவன், என்னைச் சுற்றிக் கார்டும் மையும் பேனாவும்தான். பயந்துகொண்டு எழுதவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நாள் இருந்தால், அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்பவுண்டர் பெட்டியைத் தானே ஒரு பழைய போர்வையில் சுற்றி, கயிறு கட்டி, ஜட்கா வண்டியில் ஏற்றினார். ரோசம்மா வாசற்படியில் நின்றாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அப்படி ஒன்றும் செய்யவில்லை. எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரித்தான் பேசினாள். “பேரு வாசிக்கற ஆளு நல்ல ஆளுங்க ஐயா. அவசரப்படாம, ஊரு பேருல்லாம் நிறுத்தி நிறுத்தி வாசிக்கறாரு.”

போஸ்ட்மாஸ்டரின் சாப்பாட்டு நேரம்

கம்பவுண்டர் பேருக்கு வருகிற தபாலையெல்லாம் கொஞ்ச காலத்துக்குப் பிரித்துப் பார்த்து மேலே அனுப்பச் சொல்லி உத்தரவாகியிருந்தது. எங்கள் போஸ்ட்மாஸ்டர் ராமானுஜம் விதி தவறாத மனிதர். முத்திரை சரியாக விழாவிட்டால் இரண்டாம் தடவை குத்தவிடமாட்டார். ரேடியோவை எடுத்து வந்து இருபது நாள் போயிருக்கும். ஒரு புதன்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு கார்டு கிடந்தது. அரக்கோணம் முத்திரை. எழுதினவர் பெயர் இல்லை. அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘பூந்தமல்லி கம்பவுண்டர் ஞானப்பிரகாசம் மகன் சூசை என்று திங்கட்கிழமைச் சாயங்காலம் ஜப்பான் ரேடியோவில் வாசித்தார்கள். அப்பா அம்மாவுக்கு என்று ஆரம்பித்து ஏதோ சொல்லியிருக்கிறார். அதற்குள் எங்கள் பாட்டரி தீர்ந்துவிட்டது. மன்னிக்கவும்.’

நான் படித்து முடிக்கிற வரைக்கும் போஸ்ட்மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நான் சாப்பிடப் போறேன். வர ஒரு மணி நேரம் ஆகும். வந்துதான் அந்தக் கார்டைக் கட்டி மேலே அனுப்பணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குச் சாப்பாடு தினமும் தூக்குப் பாத்திரத்தில் ஆபீஸுக்கே வரும்.

கார்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து நிற்க, படித்துக் காட்டினேன். ரோசம்மா இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவையும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ‘தீர்ந்துவிட்டது’ என்கிற இடத்தில் என் முகத்தைப் பார்த்தாள். “அப்பா அம்மாவுக்குன்னு சொன்னானே, அப்பறம் இன்னா சொன்னான் ஐயா?” என்று என்னையே கேட்டாள். எழுதினவர் யாரென்று தெரிந்தால் போய் விசாரிக்கலாம். தெரியாது. கார்டை அவர்களிடம் விட்டுவிட்டு வரவும் முடியாது. திருப்பி வாங்கிக்கொண்டேன். மகன் உயிரோடு இருக்கிற சந்தோஷம் கம்பவுண்டர் முகத்தில் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். நான் படி இறங்கியபோது பின்னாலேயே வந்தார். “திங்கக்கெழம சார். திங்கக்கெழமதான் காலையில நான் பாட்டரியக் குடுத்து சார்ஜ் ஏத்திகினு வருவேன்.”

நோட்டு

சூசை திரும்பி வரவில்லை. முகாம் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்துபோனதாக யுத்தம் முடிந்த பிறகு சர்க்காரிடமிருந்து கடிதம் வந்தது. ரேடியோவில் பெயர் வந்ததற்கு எட்டு மாதம் கழித்து இறந்திருக்கிறான். அப்படியானால் அன்றைக்கு வாசித்ததுதான் அவன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பின கடைசி வார்த்தை. அரக்கோணத்தில் யாரோ ஒருவர் வீட்டில் அதுவும் பாதியில் நின்றது.

யுத்த கால உத்தரவுகள் ரத்தானதும், எடுத்த ரேடியோக்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அதே போர்வை, அதே கயிறு. நானே ஜட்காவில் கொண்டுபோனேன். ரோசம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். கம்பவுண்டர் மெலிந்துபோயிருந்தார். பெட்டியை எங்கே வைக்கட்டும் என்று கேட்டேன். எங்கேயாவது வையுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, “நோட்டு?” என்றார். பெயர் எழுதின நோட்டு. அதில் யார் யார் பிழைத்து வந்தார்கள் என்று விசாரித்து எழுதிவைக்க ஆசைப்பட்டிருக்கிறார். கார்டு கிடைத்தவர்களில் சில பேர் அவருக்குப் பதில் போட்டிருந்தார்களாம். அவர்கள் விலாசமும் அதில்தான் இருந்ததாம். உத்தரவு ரத்தானபோது பழைய காகிதங்களையெல்லாம் ஆபீஸ் கொல்லையில் குவித்துக் கொளுத்திவிட்டார்கள். அப்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நோட்டை மட்டும் எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கொளுத்திவிட்டதைச் சொன்னேன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெள்ள உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் எழுதின ஏழு பெயரில் ஒரே ஒரு பெயர் எனக்கு நினைவில் இருந்தது. என் மைத்துனன் பெயரும் அதுதான், அதனால் மறக்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கம், முனிரத்தினம், தகப்பன் பெயர் கன்னியப்பன். அதைச் சொன்னேன். அவர் எழுந்துபோய் நாட்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்து, அதன் பின்பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினார். பழைய அழகு எழுத்தில் இல்லை. எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஒண்ணு ஆச்சு. மீதி ஆறு பேரு சார்?”

இப்ப வை

அதற்குப் பிறகு எனக்கு அம்பத்தூர்ப் பக்கம் மட்டும் கொடுத்தார்கள். உத்தரவுகள் போய்விட்டன, யார் எதைக் கேட்டாலும் எழுத வேண்டியதில்லை. லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சொந்த வேலையாக ஒரு தெரு வழியே போய்க்கொண்டிருந்தேன். ஒரு வீட்டிலிருந்து பெண் குரலில் பாட்டு வந்தது. என்ன ராகமோ எனக்குத் தெரியாது. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் காலை ஊன்றி நின்றுவிட்டேன். அந்த வீட்டுக்கு லைசென்ஸ் இருப்பது எனக்குத் தெரியும். கேட்கவேண்டும் போல இருந்தது, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. உடனே பாட்டு நின்றது. உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம், ‘ஷ்ஷ்’ என்று யாரோ அடக்குகிற சத்தம். “நீங்கள் பாட்டுக்குக் கேளுங்கள், நான் சும்மாதான் நின்றேன்” என்று கூப்பிட்டுச் சொல்லலாமா என்று பார்த்தேன். நம்பமாட்டார்கள். நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். சைக்கிளில் ஏறிக் கொஞ்சதூரம் போனதும் பின்னாலிருந்து ஓர் ஆம்பளைக் குரல் கேட்டது. “கம்பி சார் பூட்டாரு. இப்ப வை.”

ஊரில் யார் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே பதினோரு வருஷம் சம்பளம் வாங்கிய நான், அத்தனை வருஷத்தில் ஒரு பாட்டையாவது முதலிலிருந்து கடைசிவரை கேட்டதாக எனக்கு நினைவில்லை.